செல்லுபடியாகாத நாடுகள்

லூயிஸ் ஸெமெல் அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில் பனிச்சறுக்கு விடுதி நடத்தியவர். 1962-ல் அவர் வெளியுறவுத் துறைக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினார். தன் பாஸ்போர்ட் கியூபாவுக்கும் செல்லும்படி குறித்துத் தரவேண்டும் என்பது கோரிக்கை. என்ன காரியமாகப் போகிறார் என்பதற்கு அவர் சொன்ன பதில் வழக்கு ஏடுகளில் இருக்கிறது. கியூபாவில் என்னதான் நடக்கிறது என்று பார்க்க ஆவல். பார்த்துவந்தால் விவரம் தெரிந்த குடிமகனாக இருக்கலாம். துறை மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1965 மே மாதம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் ஸெமெல் தோற்றார்.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி ஏர்ல் வாரன். கறுப்பினக் குழந்தைகளையும் வெள்ளையினக் குழந்தைகளையும் தனித்தனிப் பள்ளிகளில் பிரித்து வைக்கக்கூடாது என்ற 1954-ம் ஆண்டுத் தீர்ப்பைத் தந்தவரும் அவர்தான். தகவல் அறியும் உரிமை என்று சொல்லிக்கொண்டு எங்கும் நுழைந்துவிட முடியாது என்றார் வாரன். அனுமதியில்லாமல் வெள்ளை மாளிகைக்குள் போகக்கூடாது என்ற விதியும் ஒருவர் தகவல் சேகரிப்பதைக் குறைக்கத்தான் செய்கிறது. அதற்காக உள்ளே நுழைவது உரிமையாகிவிடுமா என்று கேட்டார். அவ்வளவு பெரிய நீதிபதிக்கு இது பொருந்தாத உவமை. வெள்ளை மாளிகை அமெரிக்க அரசின் இடம், வாசலில் காவல் வைக்க அதற்கு உரிமை உண்டு. கியூபாவின் வாசலில் காவல் வைப்பது கியூபாவின் வேலை.

அரசுத் தரப்பு சொன்ன காரணம் வேறு. மேற்கு அரைக்கோளத்தில் கம்யூனிஸ்ட் ஆட்சி நடக்கும் ஒரே நாடு கியூபா. அங்கே போகும் அமெரிக்கர் எதிலாவது சிக்கிக்கொண்டால் நாடே சிக்கலுக்குள் இழுக்கப்படும். இந்த ஒரு காரணத்துக்குள் இரண்டு வாதங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. போகிறவருக்கு ஆபத்து வரும், அதன் சுமை எல்லோர் தலையிலும் விழும் என்பது ஒன்று. போகிறவர் பார்ப்பதும் பேசுவதும் செலவழிப்பதும் எதிரிக்கு ஆதாயம் என்பது மற்றொன்று. முதல் வாதத்தில் நேர்மை இருக்கிறது, அதோடு மல்லுக்கட்டத்தான் வேண்டும். இரண்டாவது பெரும்பாலும் முதலாவதன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் வேலை செய்கிறது. எதிரி நாடு என்ற பெயரை மட்டும் வைத்து எந்த அரசும் தன் குடிமக்களைத் தடுக்கக்கூடாது என்பது என் கருத்து. போர், பிணைக்கைதி வியாபாரம் ஆகிய இரண்டுக்கும் மட்டும் விதிவிலக்குத் தரலாம். அதையும் கெடு வைத்து, காரணம் எழுதி, உறவினருக்கு வழிவிட்டுத் தரவேண்டும். இந்த முடிவுக்கு என்னைக் கொண்டுவந்து சேர்த்தது கொள்கையைவிட வரலாறுதான்.

பாஸ்போர்ட் அலுவலகத்தின் ஆட்சி

1928 முதல் 1955 வரை அமெரிக்கப் பாஸ்போர்ட் பிரிவின் தலைவர் ரூத் ஷிப்லி என்ற அதிகாரி. யார் வெளிநாடு போகலாம், யார் போகக்கூடாது என்பதில் அவர் சொல்லே முடிவு. மேல்முறையீட்டுக்கு ஒழுங்கான வழி கிடையாது. பாடகர் பால் ராப்சனின் பாஸ்போர்ட் 1950-ல் ரத்தாகி, எட்டு ஆண்டுகள் கழித்துத்தான் திரும்பக் கிடைத்தது. வேதியியலாளர் லைனஸ் பாலிங் 1952-ல் லண்டன் ராயல் சொசைட்டி கூட்டத்துக்குப் போக முடியவில்லை. போயிருந்தால் ரோசலிண்ட் பிராங்க்ளினின் எக்ஸ்-ரே படங்களைப் பார்த்திருப்பார், டிஎன்ஏ-யின் வடிவத்தை அவரே கண்டுபிடித்திருப்பார் என்று சொல்கிறவர்கள் உண்டு. அது ஊகம். இங்கிலாந்து அமெரிக்காவுக்கு எதிரி நாடாக இருக்கவில்லை என்பது ஊகமில்லை.

ஓவியர் ராக்வெல் கென்ட் தொடுத்த வழக்கில் 1958-ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று இந்த முறையை உடைத்தது. பயணம் செய்வது குடிமகனின் சுதந்திரத்தில் ஒரு பகுதி. அரசியல் நம்பிக்கையைக் காட்டிப் பாஸ்போர்ட்டை மறுக்க வெளியுறவு அமைச்சருக்கு நாடாளுமன்றம் அதிகாரம் தரவில்லை. ஆளைப் பார்த்துத் தடுப்பது இதோடு பெரும்பாலும் சட்ட பலம் இழந்தது. நாட்டைப் பார்த்துத் தடுப்பது அப்படியே தொடர்ந்தது. எல்லோரையும் ஒரே மாதிரி தடுத்தால் அதில் பாரபட்சம் எங்கே என்று கேட்கலாமல்லவா. ஸெமெலுக்கு எதிராக வாரன் பிடித்துக்கொண்டதும் இந்த வேறுபாட்டைத்தான்.

நாட்டுத் தடைகளில் மிக நீண்ட காலம் நின்றவற்றில் ஒன்று சீனாவுக்கானது. 1956 ஆகஸ்டில் சீனா பதினைந்து அமெரிக்கப் பத்திரிகையாளர்களை அழைத்தது. வெளியுறவு அமைச்சர் ஜான் பாஸ்டர் டல்லஸ் போகக்கூடாது என்றார். சீனச் சிறைகளில் அமெரிக்கர்கள் இருக்கும்போது பத்திரிகையாளர்களை வைத்துப் பேரம் பேச இடம் கொடுக்க முடியாது என்பது அவர் வாதம். ஓராண்டு கழித்து வாஷிங்டன் கொஞ்சம் இறங்கிவந்து இருபத்து நான்கு செய்தி நிறுவனங்களுக்கு அனுமதி தந்தது. ஆனால் சீனச் செய்தியாளர்களுக்குப் பதில் விசா தர மறுத்தது. இப்போது பீஜிங் முறுக்கிக்கொண்டது.

பால்டிமோர் ஆஃப்ரோ-அமெரிக்கன் பத்திரிகையின் வில்லியம் வொர்தி இந்த இழுபறிக்குக் காத்திருக்கவில்லை. 1956 கடைசியில் சீனாவுக்குப் போய்ச் செய்தி அனுப்பினார். திரும்பியதும் அவருடைய பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க மறுத்தார்கள். 1961-ல் பாஸ்போர்ட் இல்லாமலே கியூபா போய்வந்தார். அப்போது அவர்மீது போட்ட வழக்கு விநோதமானது. கியூபாவுக்குப் போனது குற்றம் என்று அரசு சொல்லவில்லை. செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இல்லாமல் அமெரிக்காவுக்குள் நுழைந்தது குற்றம் என்றது. சொந்த நாட்டுக்குத் திரும்பி வருவதை எப்படிக் குற்றமாக்குவது என்று 1964-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. 1963-ல் கியூபா சென்ற 58 பேரின் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் நான்கு ஆண்டுகள் கழித்து அரசைக் கைவிட்டது. பாஸ்போர்ட் அந்த நாட்டுக்குச் செல்லாது என்று அறிவிக்கலாம், ஆனால் அங்கே போன ஆளைச் சிறையில் போடச் சட்டத்தில் இடமில்லை என்றது.

ஆக, பதினைந்து ஆண்டுகளாக ‘தடை’ என்று நடந்தது பெரும்பாலும் மிரட்டல். அச்சிட்ட புத்தகம் செல்லாது, கால்களைக் கட்டச் சட்டம் இல்லை. இது வழக்கறிஞர்களுக்குத் தெரியும், வொர்தியைப் போன்ற பிடிவாதக்காரர்களுக்கும் தெரியும். சாதாரணக் குடிமகன் பாஸ்போர்ட்டில் அடித்திருந்த முத்திரையைப் பார்த்து வீட்டிலேயே இருந்துவிட்டான்.

சீனாவில் 1959 முதல் 1961 வரை பெரும் பஞ்சம். ஆய்வாளர்கள் தரும் மதிப்பீடு ஒன்றரைக் கோடியிலிருந்து நாலரைக் கோடிச் சாவு வரை போகிறது. அமெரிக்கச் செய்தியாளர்கள் அந்த ஆண்டுகளில் ஹாங்காங்கில் உட்கார்ந்துகொண்டு, அகதிகளையும் வானொலியையும் கேட்டு எழுதினார்கள். போயிருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்று அடித்துச் சொல்லிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் எட்கர் ஸ்நோ போனார். மாவோவை உலகுக்கு அறிமுகப்படுத்திய அதே ஸ்நோ 1960-ல் அனுமதி பெற்றுப் போய்ப் பல மாதம் சுற்றிவிட்டு, பஞ்சம் இல்லை என்று எழுதினார். காட்டியதைப் பார்த்தார். பயணத்தை உண்மையின் சாவி என்று கொண்டாடுகிறவர்கள் இந்தச் சம்பவத்தை விழுங்கித்தான் ஆகவேண்டும். ஒரேயொரு விருந்தாளியை ஏமாற்றுவது எளிது, நூறு பேர் நூறு திசையில் போனால் கடினம் என்பது மட்டும் என் பதில். தடை அந்த நூறு பேரைத்தான் நிறுத்திவைத்தது.

பிறகு நடந்தது இன்னும் சுவையானது. 1970 டிசம்பரில் மாவோ இதே ஸ்நோவிடம், நிக்ஸன் வந்தால் வரவேற்பேன் என்று சொல்லியனுப்பினார். ஸ்நோவை நம்பாத வாஷிங்டன் அந்தச் சைகையை அப்போது சரியாகப் படிக்கவில்லை. இருந்தாலும் 1971 மார்ச் 15-ம் தேதி அமெரிக்கா தன் பாஸ்போர்ட்டுகளிலிருந்து சீனத் தடையை நீக்கியது. ஒரு மாதம்கூட ஆகவில்லை; ஜப்பானில் உலகப் போட்டிக்கு வந்திருந்த அமெரிக்க மேஜைப்பந்தாட்ட அணியைச் சீனா அழைத்தது, ஏப்ரல் 10 அன்று அவர்கள் எல்லை கடந்தார்கள். அடுத்த பிப்ரவரியில் நிக்ஸன் பீஜிங்கில் இறங்கினார். தடை நீடித்திருந்தால் ஆட்டக்காரர்களுக்கு முதலில் தனி அனுமதி தேடவேண்டியிருக்கும். அந்தத் தேடலே செய்தியாகி, இரு தலைநகரங்களிலும் எதிர்ப்புக் கிளம்பியிருக்கும்.

காலை விட்டுப் பணப்பையை

1977-ல் ஜிம்மி கார்ட்டர் கியூபா, வியட்நாம், வடகொரியா, கம்போடியா மீதான பாஸ்போர்ட் தடைகளைக் காலாவதியாக விட்டார். மறு ஆண்டு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, நாட்டுத் தடைக்கு மூன்றே காரணங்கள் என்று வரையறுத்தது: அமெரிக்காவோடு போரில் இருக்கும் நாடு, ஆயுத மோதல் நடக்கும் இடம், பயணிகளின் உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ உடனடி ஆபத்து. ‘எதிரி’, ‘கம்யூனிஸ்ட்’, ‘வெளியுறவு நலன்’ எதுவும் பட்டியலில் இல்லை. குடியாட்சி ஒன்று இந்த விஷயத்தில் எழுதிய நல்ல விதிகளில் ஒன்று இது.

உடனே அதற்குப் பக்கவாட்டில் ஒரு சந்து திறந்தது. 1982-ல் ரீகன் அரசு, கியூபாவுக்குப் போவதைத் தடுக்கவில்லை, அங்கே டாலர் செலவழிப்பதைத் தடுத்தது. ஓட்டல் அறை, சாப்பாடு, டாக்ஸி எதற்கும் கருவூலத் துறையின் உரிமம் வேண்டும். இரண்டு ஆண்டு கழித்து உச்ச நீதிமன்றம் இதை ஐந்துக்கு நான்கு என்று ஏற்றது. பணமில்லாமல் ஒருவர் ஹவானாவில் எத்தனை நாள் இருப்பார்? பாஸ்போர்ட் சட்டத்தில் கதவு சாத்தப்பட்டதும் தடை வணிகச் சட்டத்தின் ஜன்னல் வழியாக வந்துவிட்டது. இன்றைக்கும் கியூபா விவகாரம் அங்கேதான் நிற்கிறது. ஒபாமா தளர்த்தினார், டிரம்ப் இறுக்கினார். ஹவானாவின் ஆட்சி மட்டும் கவிழவில்லை.

இந்த நீண்ட கதையில் 2004-ம் ஆண்டு விதி ஒன்று தனியாகப் பார்க்கத் தக்கது. ஜார்ஜ் புஷ் அரசு, கியூபாவில் உறவினர் இருப்பவர்கள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான், அதிகம் பதினான்கு நாள்தான் போகலாம் என்றது. உறவினர் யார் என்பதையும் அதுவே வகுத்தது. பெற்றோர், தாத்தா பாட்டி, கணவன் மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தோர். அத்தை, மாமா, சித்தி, பெரியப்பா, அவர்கள் பிள்ளைகள் யாரும் கணக்கில் வரமாட்டார்கள். கியூபாக் குடும்பங்களும் நம் குடும்பங்களைப் போலத்தான். அத்தை வளர்த்த பிள்ளைகள் அங்கேயும் ஏராளம். அம்மா சாகக் கிடக்கிறாள் என்றாலும் மூன்று ஆண்டு முடிந்தாக வேண்டும். இராக்கில் போரிட்டுவிட்டு விடுப்பில் வந்த கியூப அமெரிக்க ராணுவ வீரர் ஒருவர் ஹவானாவில் இருந்த தன் மகன்களைப் பார்க்க முடியாமல் திரும்பினார். இராக் போர்முனைக்கு அவரை அனுப்பத் தயங்காத அரசுக்கு, பிள்ளைகளிடம் அனுப்பப் பாதுகாப்பு இடித்தது. 2009-ல் ஒபாமா இந்த விதியை எடுத்தார்.

வார்ம்பியருக்குப் பிறகு

இவ்வளவும் தடைக்கு எதிரான சாட்சியம். தடைக்கு ஆதரவான மிக வலுவான சாட்சியம் ஓட்டோ வார்ம்பியர்.

வர்ஜீனியா பல்கலைக்கழக மாணவரான அவர் 2015 டிசம்பர் கடைசியில் புத்தாண்டுச் சுற்றுலாவாக வடகொரியா போனார். 2016 ஜனவரி 2 அன்று பியோங்யாங் விமான நிலையத்தில் கைதானார். தங்கியிருந்த ஓட்டலில் ஒரு பிரசாரத் தட்டியைத் திருட முயன்றார் என்பது குற்றச்சாட்டு. மார்ச்சில் பதினைந்து ஆண்டு கடின உழைப்புத் தண்டனை. 2017 ஜூன் 13 அன்று நினைவிழந்த நிலையில் ஊருக்குக் கொண்டுவரப்பட்டு, ஆறு நாளில் இறந்தார். வயது 22. அவர் விடுதலையானபோது மருத்துவச் செலவு என்று 20 லட்சம் டாலருக்கு வடகொரியா கணக்கு நீட்டியது என்றும், அமெரிக்கத் தூதர் அதில் கையெழுத்திட்டார், பணம் தரப்படவில்லை என்றும் பின்னர் தெரியவந்தது.

அவர் முதல் ஆளில்லை. 2009-ல் இரண்டு பெண் பத்திரிகையாளர்களை மீட்க முன்னாள் அதிபர் கிளிண்டன் நேரில் போனார். மறு ஆண்டு இன்னொருவருக்காகக் கார்ட்டர் போனார். 2014 நவம்பரில் இருவரை அழைத்துவர உளவுத் துறைகளின் தலைவரே பறந்தார். ஒவ்வொரு விடுதலைக்கும் ஒரு விலை. பணமாக இல்லாவிட்டாலும், பெரிய மனிதர் நேரில் வந்து அழைத்துப்போகும் மரியாதையாக அது கட்டப்பட்டது. என் உயிர், என் ஆபத்து என்று பயணி சொல்வது இங்கே முழு உண்மையில்லை. அவர் பிடிபட்டால் தட்டப்படுவது அவர் அரசின் கதவுதான், அதற்குப் பேரத்தில் ஒரு கை இறங்கும். இந்த வாதத்துக்குத் தாராளவாதிகள் இதுவரை நல்ல பதில் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

2017 செப்டம்பர் 1 முதல் அமெரிக்கப் பாஸ்போர்ட் வடகொரியாவுக்குச் செல்லாது. 1978-ம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாவது காரணத்தின்கீழ், ஓராண்டுக்கு. அதன்பிறகு சுற்றுலா போன அமெரிக்கர் யாரும் அங்கே கைதாகவில்லை. பிடிபட்டவர்கள் பாஸ்போர்ட்டைப் பொருட்படுத்தாமல் போனவர்கள். 2018-ல் ஒருவர் சீன எல்லையைத் திருட்டுத்தனமாகத் தாண்டினார், 2023 ஜூலையில் ஓர் அமெரிக்கச் சிப்பாய் பன்முன்ஜோமில் கோட்டைத் தாண்டி ஓடினார். ஆக, தடை போட்ட காரியம் நடந்திருக்கிறது. அதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

அப்படியானால் ஈரானுக்கு ஏன் இல்லை? அமெரிக்கர்களைப் பிடித்துவைத்துப் பேரம் பேசுவதில் வடகொரியாவைவிட ஈரான் கைதேர்ந்தது. எட்டு ஆண்டுகள் தெஹ்ரான் சிறையில் கிடந்தவர் ஒருவர் உட்பட ஐந்து பேரை 2023 செப்டம்பரில் விடுவிக்க, தென்கொரியாவில் முடங்கியிருந்த ஈரானின் 600 கோடி டாலர் கத்தார் வங்கிகளுக்கு மாற்றப்பட்டது. ரஷ்யாவைப் பாருங்கள்: கூடைப்பந்து வீராங்கனை பிரிட்னி கிரைனரை மீட்க ஆயுத வியாபாரி விக்டர் பூட்டைக் கொடுக்கவேண்டி வந்தது. சில மாதங்களில் செய்தியாளர் ஈவான் கெர்ஷ்கோவிச் கைதானார். இரண்டு நாடுகளுக்கும் ‘போகாதீர்கள்’ என்ற உச்ச எச்சரிக்கைதான் கொடுக்கப்பட்டது. ஒரு பகுதி நடைமுறைக் காரணம் என்பது உண்மை. ஈரான் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை, ஈரானியராகப் பிறந்தவர்கள் ஈரான் பாஸ்போர்ட்டில்தான் உள்ளே போகவேண்டும். அமெரிக்கப் பாஸ்போர்ட்டை முடக்கினால் அவர்களை நிறுத்த முடியாது. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் கலிபோர்னியாவில் வாக்குச்சாவடிக்கு வரும் ஈரானிய அமெரிக்கர்கள் என்பது என் ஊகம். வடகொரியாவுக்கு ஆண்டுக்கு ஆயிரம் பேர் அளவில் போனார்கள், பெரும்பாலும் வேடிக்கை பார்க்கப் போனவர்கள். ஆபத்து எங்கே அதிகம் என்பதைவிட, தடுத்தால் கூச்சல் எங்கே குறைவு என்பதைப் பொறுத்தே தடை விழுகிறது.

அந்த ஆயிரம் பேரோடு சேர்த்துத் தடுக்கப்பட்டவர்கள் வேறு சிலர். 1945-ல் கொரியாவின் குறுக்கே கோடு கிழித்தபோதும் அடுத்து வந்த போரிலும் வடக்கே அண்ணனையோ தங்கையையோ விட்டுவந்து, அமெரிக்காவில் குடியேறிய கொரியர்கள். இப்போது எண்பதும் தொண்ணூறும் தாண்டியவர்கள். தடையிலிருந்து விலக்குப் பெறச் செய்தியாளர், செஞ்சிலுவைச் சங்கம், கட்டாயமான மனிதாபிமானக் காரணம், தேச நலன் என்று நான்கு வகை இருக்கின்றன. உறவினரைப் பார்ப்பது என்று ஒரு வகை இல்லை. காசநோய் மருந்து கொண்டுபோகும் தொண்டு அமைப்பினரும் பியோங்யாங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய அமெரிக்கர்களும் ஒவ்வொரு பயணத்துக்கும் தனிப் பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டுக் காத்திருக்கவேண்டும். 2017-ல் இந்தத் தடையை நானும் ஆதரித்திருப்பேன். ஆனால் ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே வாசகத்தோடு அது நீட்டிக்கப்படுகிறது. 2020 முதல் பல ஆண்டுகள் வடகொரியாவே தன் எல்லையைக் கொரோனாவுக்காக இறுக மூடியிருந்தபோதும் நீட்டித்தார்கள். கெடு வைத்த சட்டம்கூட இப்படி வழக்கமாகிப்போகும் என்பதற்கு இது சான்று.

அதே பிரச்சினையைத் தென்கொரியா இரண்டு விதமாகக் கையாண்டது. 1989-ல் மாணவி இம் சு-கியோங் பியோங்யாங்கில் நடந்த உலக இளைஞர் விழாவுக்குப் போய், ஆகஸ்ட் 15 அன்று பன்முன்ஜோம் கோட்டைக் காலால் தாண்டி ஊர் திரும்பினார். தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சிறை. அதே ஆண்டு வடக்கே போய்க் கிம் இல்-சுங்கைச் சந்தித்த பாதிரியார் முன் இக்-ஹுவானுக்கும் சிறை. பத்தாண்டு கழியுமுன்பே, 1998 நவம்பரில், தென்கொரியர்கள் வடக்கின் கும்காங் மலைக்குக் கப்பலில் சுற்றுலா போனார்கள். மொத்தம் 19 லட்சத்துக்கு மேல். 2008 ஜூலையில் அதிகாலையில் கடற்கரையில் நடக்கப்போன ஒரு பெண்மணியை வடகொரியச் சிப்பாய் சுட்டுக்கொன்றான். தென்கொரியா சுற்றுலாவை நிறுத்தியது. அது சரியான நடவடிக்கை. ஏற்பாட்டை நிறுத்தினார்கள், போனவர்களைக் குற்றவாளியாக்கவில்லை. இம் சு-கியோங் 2012-ல் நாடாளுமன்ற உறுப்பினரானார்.

ஆபத்தை நேரடியாகப் பெயர் சொல்லித் தடுக்கும் சட்டமும் தென்கொரியாவில் உண்டு. 2007-ல் ஆப்கானிஸ்தானுக்குப் போன தேவாலயக் குழுவினர் 23 பேரைத் தாலிபன் பிடித்து, இருவரைக் கொன்றது. அதன்பின் தடுக்கப்பட்ட நாடுகளின் பட்டியல் வந்தது. மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு கோடி வான் வரை அபராதம். 2022-ல் அதில் உக்ரைனும் சேர்ந்தது. எதிரி நாடு அல்ல, நட்பு நாடு. அங்கே குண்டு விழுகிறது, அவ்வளவுதான். பகை ஓர் அளவுகோலே இல்லை என்பதைச் சியோல் இப்படி ஒப்புக்கொண்டது. ஆஸ்திரேலியா 2014-ல் ஐஎஸ் அமைப்பின் பிடியிலிருந்த ராக்காவைத் தடைப் பகுதியாக்கியபோது பத்தாண்டுச் சிறை வைத்தது. மிகக் கடுமையான சட்டம். ஆனால் மூன்றாண்டில் அறிவிப்பு தானாகக் காலாவதியாகும் என்றும், உண்மையாகவே குடும்பத்தினரைப் பார்க்கப் போகிறவருக்கு விலக்கு உண்டு என்றும் சட்டத்திலேயே எழுதினார்கள். பயங்கரவாதச் சட்டத்தில் பாட்டிக்கு இடம் இருக்கிறது. அமெரிக்காவின் வடகொரியத் தடையில் இல்லை.

நம் சட்டம்

இந்தியாவில் 1967 வரை பாஸ்போர்ட் தருவதற்குச் சட்டமே கிடையாது, அரசு மனம் வைத்தால் தரும். சத்வந்த் சிங் சாஹ்னி என்ற வணிகரின் வழக்கில் அந்த ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்று, வெளிநாடு செல்வது தனிமனித சுதந்திரத்தில் அடங்கும், சட்டமில்லாமல் அதைப் பறிக்க முடியாது என்றது. தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி சுப்பாராவ். ஓரிரு மாதத்தில் பாஸ்போர்ட் சட்டம் வந்தது. 1978-ல் மேனகா காந்தி வழக்கு, அந்தச் சட்டத்தின் நடைமுறையும் நியாயமானதாக இருக்கவேண்டும் என்று சேர்த்தது.

அந்தச் சட்டத்தின் 19-வது பிரிவை யாரும் அதிகம் பேசுவதில்லை. ஒரு நாடு இந்தியாமீது படையெடுத்தால், படையெடுப்பவருக்கு உதவினால், அங்கே ஆயுத மோதல் நடந்தால் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டு இந்தியப் பாஸ்போர்ட்டுகளை அந்த நாட்டுக்குச் செல்லாததாக்கலாம். இந்த மூன்றும் நியாயமானவை. நான்காவது, அங்கே போவது இந்திய அரசின் வெளியுறவு நடவடிக்கையைக் கடுமையாகப் பாதிக்கும் என்றால் பொதுநலன் கருதித் தடுக்கலாம் என்கிறது. அமெரிக்க நாடாளுமன்றம் 1978-ல் துரத்திய அதே விருந்தாளி இங்கே இன்னும் திண்ணையில் இருக்கிறார். சிறப்பு ஒப்புதல் பெற்றால் போகலாம் என்றும் பிரிவு சொல்கிறது. எந்த அடிப்படையில், எத்தனை நாளுக்குள் ஒப்புதல் தரவேண்டும் என்பது அதில் இல்லை.

பாகிஸ்தானோடு இத்தனை மோதல்களுக்கு நடுவிலும் 1974-ல் போட்ட யாத்திரை உடன்பாடு உயிரோடிருக்கிறது. பகை நாட்டிலுள்ள கோயிலுக்கும் குருத்வாராவுக்கும் தர்காவுக்கும் குடிமக்கள் குழுவாகப் போய்வர இரு அரசுகளும் சேர்ந்து வழிசெய்த ஏற்பாடு அது. 2019-ல் கர்தார்பூர் குருத்வாராவுக்கான பாதை திறந்தது, 2025 மே மோதலில் மூடப்பட்டது. இதெல்லாம் போகும், வரும். 19-வது பிரிவின் கூர்மை தெரிவது பாகிஸ்தானில் அல்ல, யேமனில்.

2017-ல் இந்தியா யேமனுக்குப் பயணத் தடை விதித்தது. யேமன் நமக்கு எதிரியல்ல. உள்நாட்டுப் போர், தலைநகர் சனா ஹூத்தி கிளர்ச்சியாளர்களின் கையில், அங்கே இந்தியத் தூதரகம் இல்லை. தடைக்குக் காரணம் இருந்தது. அதே சனா சிறையில் ஒரு கேரளச் செவிலியர் கொலை வழக்கில் மரண தண்டனை பெற்றுக் கிடக்கிறார். யேமன் சட்டப்படி, கொல்லப்பட்டவரின் குடும்பம் ஈட்டுத்தொகையை ஏற்று மன்னித்தால் தண்டனை விலகும். அந்தக் குடும்பத்தை யாராவது நேரில் பார்த்துப் பேசவேண்டும். செவிலியரின் அம்மா போகிறேன் என்றார், 2017-ம் ஆண்டுத் தடையைக் காட்டி அரசு மறுத்தது. 2023 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் வழிவிட்டது. சொந்தப் பொறுப்பில் போகிறேன், இந்திய அரசுக்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்று அவர் பிரமாணப் பத்திரம் எழுதித் தரவேண்டியிருந்தது. 2024 ஏப்ரலில் அம்மா சனா போய்ச் சேர்ந்தார்.

2025 ஜூலை 16 அன்று தண்டனையை நிறைவேற்ற நாள் குறித்தார்கள். இரண்டு நாள் முன்பு உச்ச நீதிமன்றத்தில் அரசின் தலைமை வழக்கறிஞர், அரசால் ஓர் எல்லைக்குமேல் எதுவும் செய்ய முடியாது என்றார். அது உண்மைதான், ஹூத்திகளை நாம் அங்கீகரிக்கவே இல்லை. கடைசி நேரத்தில் தண்டனை தள்ளிவைக்கப்பட்டது. அரசு பேசிக்கொண்டிருந்ததோடு, கோழிக்கோட்டு மார்க்க அறிஞர் காந்தபுரம் அபூபக்கர் முஸ்லியார் யேமன் அறிஞர்கள் வழியாகத் தூது அனுப்பியிருந்தார். அரசின் கை எட்டாத இடத்தில் தனிமனிதர்களின் தொடர்புக்கும் வேலை இருந்தது.

அதன்பிறகு செவிலியருக்காக இயங்கும் குழு, ஐந்து பேரைப் பேச்சுவார்த்தைக்கு அனுப்ப அனுமதி கேட்டது. உச்ச நீதிமன்றம் அவர்களை மத்திய அரசிடம் போகச் சொன்னது. வெளியுறவு அமைச்சகம் மறுத்தது. சனாவில் பாதுகாப்பில்லை, தூதரகம் இல்லை, பேச்சு குடும்பத்தின் வழியாகவே நடக்கட்டும் என்பவை அது சொன்ன காரணங்கள். ஐந்து பேர் ஹூத்திகளின் ஊரில் சிக்கினால் என்ன ஆகும் என்ற அமைச்சகத்தின் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மாவிடம் வாங்கிய அதே பிரமாணப் பத்திரத்தை இவர்களிடமும் வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கலாம். அந்தத் தாள் அவர்களைப் பிடித்துவைப்பவரைக் கட்டுப்படுத்தாது என்பதும் உண்மை. ஆனால் எந்தக் குழுவை, எத்தகைய காரணத்துக்கு அனுப்பலாம் என்று 19-வது பிரிவின்கீழ் விதிகள் எழுதியிருந்தால், மறுப்பு சரியா தவறா என்று நீதிமன்றத்தில் எடைபோட ஒரு தராசாவது இருந்திருக்கும். சட்டம் வந்து ஐம்பத்தெட்டு ஆண்டுகளாகியும், அந்த ஐந்து பேர் கையில் அமைச்சகத்தின் பதில் மட்டுமே இருந்தது.